மேல்மடை, கடைமடை, சேரி

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஓசூர்க்காரங்க யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நந்தி மலையில் பிறந்து வருகிற தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டுதான் நம்ம எல்லைக்குள் நுழைகிறது. மழை பெய்து மதகைத் திறந்துவிட்டால் நுரை குன்றுபோல எழும்பித் தரைப்பாலத்தை மூடிக்கொள்கிறது. பத்திரிகைக்காரர் வந்து படம் பிடிக்கிறார். அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணி பிடித்துக்கொண்டு போகிறார். ‘மேல இருக்கிறவன் பெரியவன், கீழ இருக்கிற நாம சின்னவன், என்னா பண்றது?’ என்று டீக்கடையில் நாலு பேர் பேசிவிட்டுக் கலைந்து போகிறார்கள்.

சின்னவன் பேசுவதில் நியாயம் இருக்கிறது. மேல்மடைக்காரன் எதைத் திறந்துவிட்டாலும் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பது கடைமடையின் தலைவிதி இல்லை, அநியாயம். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கடைமடை ஊருக்குள்ளே வந்த பிறகு வாய்க்கால் எப்படி ஓடுது? ஊர்ப் பெரியதனக்காரன் வயலில் முதலில் பாய்ந்து, அவன் பங்காளி வயலில் பாய்ந்து, கோயில் மானியத்தில் பாய்ந்து, கடைசியில் மிச்சம் இருந்தால் சேரிக்காரன் துண்டு நிலத்தை எட்டிப் பார்க்கும். ‘பெங்களூர்க்காரன் நம்மை வஞ்சிக்கிறான்’ என்று முன்வரிசையில் கொடி பிடிக்கிற அதே ஆள்தான் உள்ளூரில் மதகுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நிற்கிறான். மேல்மடைக்கு எதிரான சண்டையில் நம்மையும் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். பேச்சுவார்த்தை மேசைக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

இந்த எல்லையில் நின்றுகொண்டு ஒரு சின்ன நாட்டின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்த நாடு இலங்கை. அதன் மேல்மடைக்காரன் இந்தியா. ‘வெளிநாட்டுக் கொள்கைக்கும் நமக்கும் என்னாங்க சம்பந்தம், நமக்குப் பட்டா பிரச்சினையே தீரலையே’ என்று கேட்கிற தோழர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்க்கிற ஒரு தம்பி எனக்குப் பழக்கம். நம்ம மாவட்டத்து அகதி முகாம் ஒன்றில் பிறந்தவன். முகாம் அட்டை வைத்திருக்கிறவனை நிரந்தரத் தொழிலாளி ஆக்க எந்த ஆலையும் முன்வருவதில்லை. ஒப்பந்தக்காரன் கொடுக்கிறதுதான் சம்பளம். 2025 ஏப்ரலில் ஒருநாள் ஜுஜுவாடிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இந்தியப் பிரதமர் மோடி கொழும்புக்குப் போய் இலங்கையோடு பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்ட செய்தி பேப்பரில் வந்திருந்தது. தம்பி அதைப் படித்துவிட்டுக் கேட்டான்: “அண்ணா, எங்க தாத்தா தோட்டத்துல கொழுந்து சுமந்தவர். எழுபத்தேழு கலவரத்துல அடிச்சுத் துரத்தினதால வவுனியா போனாங்க. தொண்ணூறுல படகு ஏறி மண்டபம் வந்தாங்க. நான் இங்க பிறந்தேன். இவங்க ரெண்டு நாடும் இத்தனை தடவை கையெழுத்துப் போட்டிருக்காங்களே, எதிலயாச்சும் எங்க தாத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்காங்களா?”

கேட்கவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு பதிலைத்தான் விரித்துச் சொல்லப் போகிறது.

யார் அந்தத் தாத்தா? 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார்கள் இலங்கை மலைகளில் முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் போட்டபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் பிடித்துக்கொண்டு போன கூலிகளின் பேரப்பிள்ளை. போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். ஊரில் பண்ணையடிமையாகக் கிடந்தவர்கள் பஞ்சத்திலும் கடனிலும் கடல் தாண்டினார்கள். கங்காணி பெரும்பாலும் மேல்சாதிக்காரன். ஆகவே சாதியும் சேர்ந்தே கப்பலேறியது. சேரி அங்கே லயம் ஆனது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம். இந்த மக்கள் சுமந்த கொழுந்தில்தான் இலங்கை என்ற நாடு அந்நியச் செலாவணி சம்பாதித்து அரிசி வாங்கித் தின்றது.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. ஒரு சின்ன நாடு முதன்முதலாகத் தன் வெளியுறவைத் தானே யோசிக்கத் தொடங்கிய வருசம் அது. டி.எஸ். சேனநாயக்காவின் அரசுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய இந்தியாவைக் கண்டால் பயம். அந்தப் பயத்தில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, 1947-லேயே பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு, திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் வெள்ளைக்காரன் படைத்தளம் நீடிக்க இடம் கொடுத்தார்கள். 1957-ல் பண்டாரநாயக்கா காலத்தில்தான் அவை திரும்பி வந்தன. இரண்டாவது, 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். மலையக மக்கள் ‘இந்தியாக்காரர்கள்’ ஆக்கப்பட்டார்கள். 1949-ல் வாக்குரிமையும் பறிபோனது. வெள்ளைக்காரனின் படை இருக்கலாம். தேயிலைச் செடியை நட்ட கை மட்டும் அந்நியக் கை!

வெறும் இந்தியப் பயம் மட்டும்தான் காரணம் என்று நம்பிவிடக் கூடாது. 1947 தேர்தலில் இந்த மக்கள் இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போட்டார்கள். தங்கள் சொந்தப் பிரதிநிதிகளையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கூலி ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பதை எந்த ஊர்ப் பெரியதனக்காரன் பொறுத்துக்கொள்வான்? ‘பெரிய நாட்டின் ஐந்தாம்படை’ என்ற பேச்சு அந்தப் பொறாமைக்குப் போட்ட வெள்ளை வேட்டி. யாழ்ப்பாணத்து மேட்டுக்குடி அரசியலும் இதில் கை கழுவிக்கொள்ள முடியாது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசில் மந்திரியாக உட்கார்ந்தார். அதை எதிர்த்துச் செல்வநாயகம் பிரிந்துபோய் 1949-ல் தமிழரசுக் கட்சி தொடங்கினார் என்பதையும் மறைக்க வேண்டாம்.

அண்ணல் அம்பேத்கர் 1950-ல் பௌத்த மாநாட்டுக்காகக் கண்டிக்கு வந்தார். அவர் நின்ற நகரத்தைச் சுற்றிலும் இருந்த மலைகளில் நம்ம சனங்கள் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டு இரண்டு வருசம்கூட முழுசாக ஆகவில்லை. அடுத்த வருசம், 1951 அக்டோபரில், நேரு மந்திரிசபையை விட்டு வெளியேறியபோது அவர் தந்த அறிக்கையில் சொன்ன காரணங்களில் ஒன்று, வெளியுறவுக் கொள்கை. இதை நம்ம ஆட்களே பலர் மறந்துவிட்டார்கள். நாட்டின் ஆண்டு வருமானம் 350 கோடி, அதில் பட்டாளத்துக்கு மட்டும் 180 கோடி போகிறது, நண்பர்களைச் சம்பாதிக்கத் தெரியாத கொள்கையின் விளைவு இது என்று கணக்கு வைத்துக் கேட்டார். தீண்டத்தகாதவர்களின் தலைவனுக்கு அயல்நாட்டு விவகாரத்தில் என்ன வேலை என்று நினைத்தவர்களுக்கு அந்தக் கணக்குத்தான் பதில். பள்ளிக்கூடத்துக்கும் நிலத்துக்கும் போக வேண்டிய காசு எங்கே போகிறது என்று கேட்கிறவன் எல்லைக்கோட்டையும் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

நேரு இருந்தவரை இந்தியாவின் நிலை ஒன்றாக இருந்தது: அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த நாட்டு மக்கள், அவர்களை மொத்தமாக ஏற்றுக்கொள்ள முடியாது என்பது. 1954-ல் கொத்தலாவலையோடு போட்ட ஒப்பந்தமும் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. பிறகு 1962 வந்தது. சீனாவிடம் இந்தியா அடி வாங்கியது. சிறிமாவோ பண்டாரநாயக்கா அந்த டிசம்பரில் கொழும்பில் ஆறு நாடுகளைக் கூட்டிச் சமரசம் பேசினார். அக்கம்பக்கத்துச் சின்ன நாடுகளின் தயவு பெரிய நாட்டுக்குத் தேவைப்பட்ட காலம். 1964 மே மாதம் நேரு இறந்தார். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 30 அன்று, சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தக் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு. 3 லட்சம் இலங்கைக்கு. மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 7 பேர் இந்தியாவுக்குப் போனால் 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று விகிதம். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். இங்கே முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தலையை மட்டும் எண்ணினார்கள். இந்தியாவுக்குப் போக விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கை ஒப்பந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருந்தது. ‘எங்க பாட்டன் பூட்டன் எலும்பு இந்தச் செடிக்கடியில கெடக்குது, நாங்க ஏன் போகணும்?’ என்று அந்த மக்கள் தங்கள் வாக்கை விண்ணப்பத்திலேயே போட்டுவிட்டார்கள். அந்த வாக்கை எண்ணத்தான் ஆள் இல்லை.

இராஜதந்திரிகள் இதை வெற்றி என்றார்கள். சின்ன நாடு தன் சுமையைப் பெரிய நாட்டின் தலையில் இறக்கிவிட்டது. பெரிய நாடு சின்ன நாட்டின் நட்பைச் சம்பாதித்துவிட்டது. மலையகத்தில் அந்த மக்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பேர். அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு, கட்டிக்கொடுத்த மகள் ஒரு நாடு. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தவர்களை நாம் எப்படி வரவேற்றோம்? நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்குக் கொஞ்சம் பேர், கர்நாடகத்திலும் கேரளத்திலும் ரப்பர்க் காட்டுக்குக் கொஞ்சம் பேர். இங்கே அவர்களுக்கு ‘சிலோன்காரன்’ என்று பேர் வைத்தோம். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். பூர்வீகக் கிராமத்துக்குத் திரும்பிப் போனவனுக்கு மட்டும் பழைய பேரே காத்திருந்தது: சேரிக்காரன்.

அடுத்து 1974. இந்த வருசத்தைச் சொன்னால் தமிழ்நாட்டில் மேடை ஏறுகிற அத்தனை பேருக்கும் ஒரே வார்த்தைதான் வாயில் வரும்: கச்சத்தீவு. 285 ஏக்கர் மணல்திட்டு. மீனவர்களுக்கு அதில் உண்மையான பாடு இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே 1974-ல் அதே இந்திரா காந்தியும் அதே சிறிமாவும் இன்னொரு உடன்பாடும் செய்தார்கள். பத்து வருசமாகப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளி வைத்த அந்த 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை ஆளுக்குப் பாதி, உனக்கு 75 ஆயிரம், எனக்கு 75 ஆயிரம் என்று பங்கு போட்டார்கள். 2024 தேர்தலில் பிரதமர் மோடிகூடக் கச்சத்தீவை யார் தாரை வார்த்தது என்று கேட்டார். திராவிடக் கட்சிகள் பதில் சொன்னன. தமிழ்த் தேசியர்கள் முழங்கினார்கள். தாரை வார்க்கப்பட்ட அந்த ஒன்றரை லட்சம் மனுசர்களைப் பற்றி எந்த மேடையிலாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா தோழர்களே? மண் போனால் மானம் போச்சு என்கிறார்கள். கூலிக்காரன் போனால் கணக்கு நேரானது என்கிறார்கள்.

ஏன் இந்த மறதி? யாழ்ப்பாணம் என்றால் வாளும் வீரமும் நினைவுக்கு வருகிறது. மலையகம் என்றால் கூடையும் கூலியும்தான் நினைவுக்கு வருகிறது. கூடை சுமக்கிறவன் தமிழன்தான், ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்கிற தமிழன். இதைச் சொன்னால் ‘இனத்தைப் பிளக்கிறான்’ என்பார்கள். பிளவை உண்டாக்கியது நாமா?

பிறகு 1977. ஜெயவர்த்தனா வந்தார். சிறிமாவின் கொள்கையைத் தலைகீழாகத் திருப்பினார். சந்தையைத் திறந்துவிட்டு அமெரிக்கா பக்கம் சாய்ந்தார். பெரிய அண்டைவீட்டுக்காரனுக்கு எரிச்சல். 1977-லும் 81-லும் 83-லும் கலவரம் என்ற பேரில் நடந்த தாக்குதல்களில் தோட்டத்து லயங்களும் எரிந்தன. அதில் ஓடியவர்கள்தான் வன்னிக் காடுகளில் குடியேறினார்கள். நம்ம தம்பியின் தாத்தா உட்பட. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது பறந்து உணவுப் பொட்டலம் போட்டன. ஒரு சின்ன நாட்டின் ஆகாயத்தில் அனுமதி கேட்காமல் நுழைந்த காரியம் அது. அடுத்த மாதம் 29-ஆம் தேதி ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம். மேலே தமிழர் உரிமை என்று எழுதியிருந்தது. கூடவே பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்கு விரோதமாக யாருக்கும் கொடுக்கக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களைச் சேர்ந்து நடத்த வேண்டும், அந்நிய வானொலி நிலையங்களைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. தமிழர் பிரச்சினை முன்வாசல், துறைமுகம் பின்வாசல். அமைதிப்படை போனது, 1990 மார்ச்சில் திரும்பியது. இடையில் செத்தவர்கள் செத்தார்கள்.

சின்ன நாட்டின் கோபத்தில் இருக்கிற நியாயத்தை நாம் மறுக்கவில்லை. பெரியவன் மிரட்டினால் சின்னவன் வேறு துணை தேடுவான். சீனாவிடம் கடன் வாங்கி அம்பாந்தோட்டைத் துறைமுகம் கட்டினார்கள். 2017-ல் அதையே 99 வருசக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியிடம் விட்டார்கள். 2014-ல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புக்கு வந்தது, 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் டெல்லி கொதித்தது. அதே 2022-ல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் திவாலானபோது சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவி செய்ததும் டெல்லிதான். தமிழ்நாட்டு அரசும் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. ஒரு வீட்டிடம் கைமாற்று வாங்கி இன்னொரு வீட்டுக் கடனை அடைக்கிற குடும்பத்தின் நிலைதான்.

இப்போது வருகிறது கதையின் வேடிக்கையான கட்டம். 2024 செப்டம்பரில் ஜனாதிபதியான அநுர குமார திசாநாயக்க ஜே.வி.பி.யின் தலைவர். அந்தக் கட்சி தன் ஆரம்பகால ஊழியர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று, ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. தோட்டத் தொழிலாளி அந்த விஸ்தரிப்பின் கருவி என்றுதான் அந்த வகுப்பில் பாடம் நடந்தது. புரட்சிக்காரனின் கண்ணுக்கும் கொழுந்து பறிக்கிற பெண் ஒரு பாட்டாளியாகத் தெரியவில்லை, பக்கத்து நாட்டு ஒற்றனாகத் தெரிந்தாள்! 1987-க்குப் பிறகு இந்தியச் சாமான்களை விற்கக் கூடாது என்று துப்பாக்கி காட்டித் தடுத்த கட்சியும் அதுதான். அந்தக் கட்சியின் தலைவர் தம் முதல் வெளிநாட்டுப் பயணமாக 2024 டிசம்பரில் டெல்லிக்கு வந்தார். இந்தியாவின் பாதுகாப்புக்குக் கேடாக இலங்கை மண்ணைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று உறுதி சொன்னார். நான்கு மாதத்தில் பாதுகாப்பு உடன்படிக்கையும் ஆனது.

மாறுவது தப்பில்லை. நாடும் கட்சியும் யோசித்து மாறத்தான் வேண்டும். 2023 அக்டோபரில் அவர்களின் கூட்டணி ஹட்டனில் மலையக மக்களின் உரிமைக்காக ஒரு பிரகடனம் வெளியிட்டது. அதை நம்பி அந்த மக்களும் 2024-ல் பெருமளவில் அவர்களுக்கு ஓட்டுப் போட்டார்கள். நாம் கேட்கிறது ஒன்றுதான். இந்தியாவைப் பற்றிய பாடத்தைத் திருத்தினீர்கள், சரி. அந்தப் பாடத்தில் ஒற்றனாக எழுதப்பட்டவனைப் பற்றிய வரியைத் திருத்தினீர்களா? வார்த்தையில் திருத்துவது பெரிசில்லை. நிலப் பத்திரத்தில் திருத்த வேண்டும்.

ஏனென்றால் 200 வருசம் கழித்தும் அந்த மக்களில் பெரும்பாலோருக்கு நிற்கிற இடம் சொந்தமில்லை. 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, பாட்டன்மார் நடந்த பாதையில் திரும்ப நடந்து அதைத்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021-ல். 1,350 ஆனது 2024-ல். ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் வருசக்கணக்கில் போராட்டம், வழக்கு. 2017 மே மாதம் மோடி நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10 ஆயிரம் வீடு கட்டித் தருவோம் என்றார். நல்லதுதான். ஆனால் இந்தியா வீடு கொடுக்கும், நிலம் கொடுக்க முடியாது. நிலம் இலங்கை அரசிடமும் கம்பெனிகளிடமும் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலில் மலை சரிந்து 600-க்கு மேற்பட்டோர் நாடு முழுவதும் மாண்டார்கள். மலைச்சரிவில் நிற்கிற லயத்துக்காரன் பாதுகாப்பான இடம் பார்த்துக் குடிபோக அவன் பேரில் ஒரு துண்டு நிலம் வேண்டாமா? பாதுகாப்பு ஒப்பந்தம் கடல் எல்லைக்கு இருக்கிறது. மண்மேட்டுக்குக் கீழே படுத்திருக்கிறவனுக்கு இல்லை.

இலங்கை மட்டும் இப்படி இல்லை. பூட்டானைப் பாருங்கள். 1949 ஒப்பந்தப்படி வெளிவிவகாரத்தில் இந்தியாவின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டிய நாடு. 2007-ல் அந்த விதியை நீக்கிப் புது ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு சின்ன நாடு தன் மரியாதையை மீட்டெடுத்தது என்று பாராட்டினார்கள். ஆனால் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே நாடு நேபாளி பேசுகிற தன் குடிமக்கள் ஒரு லட்சம் பேர் அளவுக்கு வெளியேற்றியது. அவர்கள் இந்திய மண் வழியாக நேபாளத்து முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அது உங்கள் இரண்டு நாட்டு விவகாரம் என்று இந்தியா ஒதுங்கிக்கொண்டது. அந்தச் சனங்களில் பெரும்பாலோர் பின்னால் அமெரிக்காவுக்கும் வேறு நாடுகளுக்கும் சிதறிப் போனார்கள். சின்ன நாட்டின் சுயமரியாதையும் பெரிய நாட்டின் மௌனமும் கைகுலுக்கினால் நடுவில் நசுங்குகிறவன் யார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் மலையக மக்கள் எதையுமே பெறவில்லையா? பெற்றார்கள். 1986 ஜனவரியில் தொண்டமான் தலைமையில் தோட்டம் தோட்டமாகப் பிரார்த்தனைப் போராட்டம் என்று சொல்லி வேலையை நிறுத்தினார்கள். கொழுந்து செடியிலேயே முற்றியது. அரசு இறங்கி வந்தது. 1988-ல் ஒரு சட்டம், 2003-ல் ஒரு சட்டம். நாடற்றவர்கள் குடிமக்கள் ஆனார்கள். டெல்லியும் கொழும்பும் 40 வருசம் பேசித் தீர்க்காததை, கூடையைக் கீழே வைத்த கைகள் தீர்த்தன. தொண்டமான் அரசியலில் நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். கூடையைக் கீழே வைத்தால் அரசு கீழே இறங்கும் என்பது மட்டும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்ட பாடம்.

இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்களின் கதைதான் முடியவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். அதில் பல ஆயிரம் பேர் நம்ம தம்பியைப் போல மலையக வம்சம். தாத்தனை 1964 ஒப்பந்தம் ‘இந்தியாவுக்கு உரியவன்’ என்றது. பேரனை இந்தியச் சட்டம் ‘சட்டவிரோதமாக வந்தவன்’ என்கிறது. இவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அதே வருசம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பேரைச் சொன்னது. இலங்கையின் பேரைச் சொல்லவில்லை. 2021-ல் தமிழ்நாட்டு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பேரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி வீடுகளும் கட்டத் தொடங்கியது. பேர் மாறியது நல்லது. ஆலை வாசலில் காட்ட வேண்டிய அட்டை மாறவில்லையே.

ஓசூர்க்காரங்களுக்கு இது புரியும். 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் அடி விழுந்தபோது மாடி வீட்டுத் தமிழனைவிடக் குடிசைத் தமிழனுக்குத்தான் முதல் அடி. மூட்டையோடு இந்த வழியாகத்தான் ஓடிவந்தார்கள். 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்தபோது அத்திப்பள்ளியிலிருந்து ஜுஜுவாடிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களை நாமே பார்த்தோம். இரண்டு மாநிலத்து முதலமைச்சர்களுக்கும் மேசை இருந்தது. நடந்தவர்களுக்கு ரோடுதான் இருந்தது.

ஆகவே நம்ம கருத்து இதுதான். ஒரு சின்ன நாடு பெரிய அண்டை நாட்டோடு தன் உறவை மறுபடி யோசிக்கிறது என்றால், இந்தியா பக்கமா, சீனா பக்கமா என்பது ஆள்கிறவர்களின் கேள்வி. யார் தலையைக் கொடுத்து யார் நட்பை வாங்குகிறார்கள் என்பது நம்ம கேள்வி. ஊர் தன் மானத்தை மேல்மடையிடம் மீட்டெடுக்கட்டும், நாமும் கூட நிற்போம். ஆனால் அதற்கு முன்னால் சேரிக்கான மதகை ஊர் திறக்கட்டும். லயத்துக்கு நிலம் கொடுக்காத இலங்கை, டெல்லியிடம் தன் சுயமரியாதை பற்றிப் பேசும்போது குரல் பாதிதான் எழும்பும். 1964-ல் தான் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட மக்களின் பேரனுக்கு அட்டை தராத இந்தியா, அயலவனுக்கு அண்ணன் என்று சொல்லிக்கொள்ளவும் தகுதியில்லை. மனுசர்களைப் பற்றிய எந்த ஒப்பந்தமும் அந்த மனுசர்களின் சம்மதம் இல்லாமல் செல்லாது என்பதை இரண்டு நாட்டுத் தலித் இயக்கங்களும் ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

நமக்கும் ஒரு வெளியுறவுக் கொள்கை வேண்டும் தோழர்களே. சேரிக்கும் லயத்துக்கும் இடையிலான உறவு அது. அதற்குத் தூதரகம் வேண்டாம், விசா வேண்டாம். நம்ம மாவட்டத்து முகாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் தொடங்கலாம். நம்ம சங்கக் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடலாம். குடியுரிமை மனு எழுத அவர்களோடு உட்காரலாம். தேயிலைக்கூலிப் போராட்டம் நடந்தால் இங்கே ஒரு சுவரொட்டி ஒட்டலாம்.

அன்றைக்கு டீ ஆறிப்போயிற்று. தம்பி ஷிப்டுக்கு நேரமாச்சு என்று எழுந்தான். “நீங்க எழுதறீங்களே அண்ணா, எங்க தாத்தா பேரைப் போட வேணாம்,” என்றான். “அவரு பேரு ரெண்டு நாட்டு லிஸ்ட்லயும் இல்ல. வரட்டும், வந்த பிறகு போடுங்க.”